நம்ம ஊர் நிலம் எதுக்கு? நாமும் சேர்ந்து முடிவு செய்வோம்!



குழுக் கூட்டத்தில் நாம் சேமிப்பு, கடன், வட்டி, தவணை பற்றிப் பேசுகிறோம். மாட்டுக் கடன் வாங்கிய ஒரு அக்கா தவணை கட்டவில்லை என்றால் ஏன் என்று கேட்கிறோம். "பால் காசு பூரா தீவனத்துக்கே போயிடுது" என்று பதில் வருகிறது. கூட்டம் அத்தோடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். முன்பெல்லாம் மாடு மேய்ந்த இடம் எங்கே போனது, இப்போது ஏன் வைக்கோலை விலைக்கு வாங்குகிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

குடத்தோடு ஒன்றரை மைல் நடப்பதும், விறகுக்கு முள்ளில் கை கிழிவதும், ஊரில் வேலை இல்லாமல் திருப்பூர் பஸ் ஏறுவதும் இந்தக் கேள்வியோடு சேர்ந்ததுதான். ஊர் நிலம் எதற்குப் பயன்படுகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நம் வீட்டு வரவு செலவும் அமைகிறது. அதனால் இந்த இதழில் நிலப் பயன்பாட்டுத் திட்டம் பற்றிப் பார்ப்போம். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நமக்குத் தெரிந்த விஷயம்தான்.

நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்றால் என்ன?

வீடு கட்டும்போது என்ன செய்கிறோம்? அடுப்படி இங்கே, தொழுவம் அங்கே, நெல் காயப்போட முற்றம் என்று பிரிக்கிறோம். தொழுவத்துத் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகாதபடி வாட்டம் பார்க்கிறோம். இருக்கிற இடத்தை எது எதற்கு என்று யோசித்துப் பிரிப்பதுதான் திட்டம்.

ஊருக்கும் அப்படித்தான். எங்கே பயிர், எங்கே மேய்ச்சல், எங்கே வீடு, எந்த வழியாக மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வர வேண்டும், எந்த இடத்தைத் தொடக்கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். இன்றைக்கு நாம் சாப்பிடவும் வேண்டும், நாளைக்கு நம் பிள்ளைகளுக்கும் அந்த மண்ணும் தண்ணீரும் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டையும் பார்த்துச் செய்வதே நல்ல திட்டம்.

திட்டம் போடாமல் விட்டாலும் நிலம் சும்மா இருக்காது. யாரிடம் ஜே.சி.பி. இருக்கிறதோ, யாருக்கு ஆள்பலம் இருக்கிறதோ அவர் முடிவு செய்துவிடுவார்.

நம் ஊரில் என்னென்ன நிலம் இருக்கிறது?

கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு என்று ஒன்று இருக்கும். ஊரில் உள்ள ஒவ்வொரு சர்வே எண்ணும், அது நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா, எவ்வளவு பரப்பு என்பதும் அதில் இருக்கும். பட்டா நிலம் தனியாருடையது. மற்றதில் பெரும்பகுதி புறம்போக்கு. அதிலும் பல வகை உண்டு:

- கண்மாய், ஊருணி, ஓடை, வாய்க்கால் போன்ற நீர்நிலைப் புறம்போக்கு
- மேய்ச்சல் புறம்போக்கு, மந்தை
- களம், வண்டிப்பாதை, தோப்பு
- மயானம்
- நத்தம், அதாவது குடியிருப்புக்கான இடம்
- தரிசு, பாறை, கரடு

மேய்ச்சல் நிலம், களம், மயானம், வண்டிப்பாதை போன்ற பொது இடங்களின் பயன்பாட்டை முறைப்படுத்தும் அதிகாரம் ஊராட்சிக்கு உண்டு. கண்மாய்களில் நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. எந்த மனுவை எங்கே கொடுப்பது என்று தெரிய இது அவசியம்.

புறம்போக்கு என்றால் வீண் நிலமா?

"சும்மா கிடக்கிற இடந்தானே" என்று சொல்லித்தான் புறம்போக்கை எடுக்கிறார்கள். அது சும்மா கிடக்கிறதா? இரண்டு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

முதலில் மழைக் கணக்கு. ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. கண்மாய்க்கு மேலே நூறு ஏக்கர் பொது நிலம் இருக்கிறது, ஒரே நாளில் 25 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். விழுகிற தண்ணீர் ஒரு கோடி லிட்டர்! பத்தாயிரம் லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் ஆயிரம் லாரி. எல்லாமே கண்மாய்க்கு வந்துவிடாது. கொஞ்சம் மண்ணில் இறங்கும், கொஞ்சம் ஆவியாகும். மண்ணில் இறங்குவதும் நம் கிணற்றுக்குத்தான் ஊற்றாக வரும். அந்த நூறு ஏக்கரில் சரளை மண் அள்ளிக் குழி போட்டாலும், நடுவே ஓடையை மூடி மனை போட்டாலும் கண்மாய் எவ்வளவு ஆழமாக இருந்தும் பயனில்லை. கண்மாயை மட்டும் தூர்வாரி வரத்துக் கால்வாயை விட்டுவிட்டால், உண்டியலைத் துடைத்து வைத்துவிட்டு காசு போடுகிற ஓட்டையை அடைத்த கதைதான்.

அடுத்தது ஏழைகளின் கணக்கு. பொருளாதார அறிஞர் என்.எஸ். ஜோதா, தமிழ்நாடு உட்பட 7 மாநிலங்களின் வறண்ட பகுதிக் கிராமங்களை ஆய்வு செய்து 1986-ல் வெளியிட்டார். ஏழைக் குடும்பங்களின் வருமானத்தில் 14 முதல் 23 சதவீதம் பொது நிலத்திலிருந்து கிடைத்தது என்று அதில் கண்டார். புல், விறகு, கீரை, காய், மேய்ச்சல் எல்லாம் சேர்த்து. அதே ஆய்வில், 1950-களின் தொடக்கத்திலிருந்து முப்பது ஆண்டுகளில் பொது நிலப் பரப்பு 31 முதல் 55 சதவீதம் வரை குறைந்திருந்தது.

நூறு ரூபாய் வருமானத்தில் இருபது ரூபாய் போனால் வீட்டில் முதலில் யாருடைய தட்டில் குறையும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டா உள்ளவருக்குத் தன் வரப்பில் புல் இருக்கும். நிலமில்லாத சகோதரிக்கு ஊர்ப் பொது நிலம்தான் வரப்பு.

தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 130 லட்சம் ஹெக்டேர். அதில் நிரந்தர மேய்ச்சல் நிலம் என்று கணக்கில் உள்ளது சுமார் ஒரு லட்சம் ஹெக்டேர்தான். நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. இருப்பதையாவது காப்பாற்ற வேண்டாமா?

தண்ணீருக்கு ஊராட்சி எல்லை தெரியாது

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய்கள் சங்கிலியாக இருக்கும். மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் போனால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். மூன்று ஊர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலூர்க்காரர் ஓடையை மறித்துத் தோப்பு போடுகிறார். நடுவூரில் கலுங்கை உயர்த்திக் கட்டுகிறார்கள். கீழூரில் நம் சகோதரிகள் உழைத்து வாய்க்காலைச் சுத்தம் செய்து, தண்ணீர் வரும் என்று காத்திருக்கிறார்கள். வருமா? அவர்கள் ஊரில் எவ்வளவு நல்ல திட்டம் போட்டாலும் வராது. அதனால்தான் நிலத் திட்டத்தை ஓர் ஊரோடு நிறுத்தாமல் வட்டாரமாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் பிறக்கும் மேட்டிலிருந்து அது போய்ச் சேரும் பள்ளம் வரை ஒரே வட்டாரம்.

இதற்கு ஹரியானா மாநிலத்தின் சுக்கோமாஜ்ரி கிராமம் நல்ல உதாரணம். சண்டிகர் நகரத்தில் சுக்னா என்று ஓர் ஏரி, 1958-ல் கட்டியது. இருபது ஆண்டுக்குள் அதில் பெரும்பகுதி வண்டல் சேர்ந்து மேடாகிவிட்டது. வண்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனபோது, மேலே மலையடிவாரத்தில் இருந்த இந்தச் சின்னக் கிராமத்தைச் சுற்றிய மொட்டை மலைகளுக்கு வழி போனது. அங்கே ஏழை ஜனங்கள். பாசனம் கிடையாது. ஆடு மாடுகளை மலையில் விட்டுத்தான் பிழைப்பு. "மலையில் மேய்க்காதே" என்று சொன்னால் கேட்பார்களா?

பி.ஆர். மிஸ்ரா என்ற மண்வள விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் 1970-களின் பிற்பாதியில் கிராமத்துக்கு மேலே சிறு மண் அணைகள் கட்ட வழி செய்தார்கள். தண்ணீர் வயலுக்கு வந்தது. அதன் பிறகு ஜனங்களே மலையில் மேய்ச்சலை நிறுத்திக்கொண்டார்கள். வேலி போடவில்லை, காவல்காரர் இல்லை, ஊர்க் கட்டுப்பாடுதான் வேலி. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலையைக் காப்பாற்றுவதில் எல்லா வீட்டுக்கும் பங்கு இருந்ததால் தண்ணீரிலும் எல்லா வீட்டுக்கும் சம பங்கு என்று முடிவானது. நிலமில்லாதவருக்கும் பங்கு. அவர் தன் பங்கை மற்றவருக்கு விற்கலாம். பிறகு மலையில் புல் வளர்ந்தது, ஆடு குறைந்து எருமை கூடியது, பால் பெருகியது, கீழே ஏரிக்குப் போன வண்டலும் வெகுவாகக் குறைந்தது. மேட்டில் இருப்பவருக்கு லாபம் இருந்தால்தான் பள்ளத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் என்பது இதில் உள்ள பாடம்.

மகாராஷ்டிராவில் ஹிவரே பஜார் என்ற ஊர். மழை குறைவு. 1990-கள் முதல் ஊராட்சித் தலைவர் போபட்ராவ் பவார் முன்னின்று, கண்ட இடத்தில் மேய்ப்பதில்லை, மரம் வெட்டுவதில்லை, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை என்று ஊர் கட்டுப்பாடு வைத்தது. ஒவ்வொரு ஆண்டும் எவ்வளவு மழை, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்கெடுத்து, அதற்குத் தகுந்த பயிரைத் தீர்மானிக்கிறார்கள். நாம் குழுவில் வரவு பார்த்துக் கடன் கொடுக்கிறோம் இல்லையா, அதே போலத்தான்.

அரசாங்கமும் வட்டாரமாகப் பார்த்து முடிவெடுப்பது உண்டு. 2020-ல் தமிழ்நாடு அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் கொண்டுவந்தது. உருக்காலை, தோல் தொழிற்சாலை, எண்ணெய் எரிவாயுக் கிணறு போன்றவை அங்கே புதிதாக வரக்கூடாது என்றது. மானாவாரிப் பகுதிக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. நம் பகுதியை நாம்தான் கண்காணிக்க வேண்டும்.

நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊராட்சிக்கென்று 29 துறைகள் பட்டியலில் உள்ளன. மண்வளப் பாதுகாப்பு, சிறு பாசனம், நீர்வடிப்பகுதி மேம்பாடு, எரிபொருள், தீவனம், பொதுச் சொத்துப் பராமரிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. பல ஊராட்சிகளையும் நகரங்களையும் சேர்த்துத் திட்டமிட மாவட்டத் திட்டக் குழு என்ற அமைப்பும் அரசியல் சட்டத்திலேயே உண்டு.

ஆண்டுதோறும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாராகிறது. கிராம சபையில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். குழுக்கள் தங்கள் தேவைகளைத் தொகுத்து அதில் சேர்க்கவும் வழி இருக்கிறது. ஆனால் நாம் பெரும்பாலும் தெருவிளக்கு, குழாய், சிமெண்ட் ரோடு மூன்றோடு நின்றுவிடுகிறோம். அவையும் வேண்டும்தான். நிலத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதினோமா?

2011-ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப் பொது நில ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. கண்மாய்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-லேயே ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்துவிட்டது.

நாம் செய்ய வேண்டிய வேலை

1. வரைபடம் போடுவோம். மந்தையில் பத்துப் பேர் கூடி, கோலப்பொடி, இலை, விதை வைத்துத் தரையில் ஊரை வரையுங்கள். வயதான அம்மாக்களை அவசியம் கூப்பிடுங்கள். "அந்தக் காலத்துல ஓடை இந்தப் பக்கமாத்தான் போச்சு" என்று சொல்ல அவர்களால்தான் முடியும். பிறகு ஒரு சார்ட்டில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

2. நடந்து பார்ப்போம். மேட்டில் ஆரம்பித்துக் கண்மாய் வரை நடங்கள். எங்கே அடைப்பு, எங்கே குழி, எங்கே புல் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிலமில்லாதவரும், ஆடு வைத்திருப்பவரும், விதவைச் சகோதரிகளும், காலனித் தெருக்காரரும் சேர்ந்து நடக்க வேண்டும். அவர்கள் காலுக்குத் தெரிந்த வழி வேறு.

3. பதிவேட்டோடு ஒப்பிடுவோம். 'அ' பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பார்க்கக் கேளுங்கள். 'அ' பதிவேட்டு விவரத்தை அரசின் நில ஆவண இணையதளத்திலும் பார்க்கலாம். படித்த பிள்ளைகளைச் செல்போனில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம்.

4. நாலு முடிவு எடுப்போம். எந்த இடத்தைத் தொடவே கூடாது? எந்த இடத்தைச் சரி செய்ய வேண்டும்? எந்த இடத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம் (தீவனப் புல், பழமரம், மூங்கில்)? வீடு கட்ட இடமில்லாதவருக்கு எந்த இடம்? இந்த நாலுக்கும் சர்வே எண்ணோடு எழுதுங்கள்.

5. கிராம சபையில் வைப்போம். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு 6 நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். நிலம், நீர் பற்றிய தீர்மானத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. மக்கள் தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். நம் குழுக்கள் எல்லாம் வந்தாலே கோரம் நிறைந்துவிடும்! தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதிய பிறகு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வேண்டாம்.

6. பக்கத்து ஊரோடு பேசுவோம். இதுதான் நம்மால் மட்டும் முடிகிற காரியம். ஊராட்சியின் அதிகாரம் அதன் எல்லையோடு நின்றுவிடும். நம் கூட்டமைப்பு அப்படி இல்லை. மேலூரிலும் நம் சகோதரி இருக்கிறாள், கீழூரிலும் இருக்கிறாள். ஒரே கண்மாய்ச் சங்கிலியில் உள்ள ஊர்களின் குழுப் பிரதிநிதிகள் தனியாக ஒரு நாள் உட்காருங்கள். எல்லா ஊர் கிராம சபையிலும் ஒரே வாசகத்தில் ஒரே நாளில் தீர்மானம் வந்தால், அதைத் தாசில்தாரும் வட்டார வளர்ச்சி அலுவலரும் ஒதுக்கி வைக்க முடியாது. நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் மனு நாளுக்கும் சேர்ந்து போகலாம்.

சண்டை வருமே, என்ன செய்ய?

வரும். மறைக்க வேண்டாம். ஆக்கிரமிப்பு என்று சொன்னதும் முதலில் குடிசையைக் கை காட்டுவார்கள். பத்து ஏக்கரை வளைத்தவர் வாய் திறக்க மாட்டார். அதனால் பட்டியல் போடும்போது பரப்பு வாரியாகப் போடுங்கள், பெரியது மேலே. வேறு இடமில்லாமல் குடியிருப்பவருக்கு மாற்று மனை கேட்டு அதே தீர்மானத்தில் எழுதுங்கள். முன்பு சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், அரசு அறிவிப்பின்படி நிலமற்ற தொழிலாளர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குக் குத்தகைக்குக் கொடுத்த இடத்தையும், பள்ளிக்கூடம், மருந்தகம் இருக்கும் இடத்தையும் விதிவிலக்காகப் பார்க்கிறது.

சீமைக் கருவேலமும் அப்படித்தான். அதை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-ல் வெளியிட்டது. கண்மாயிலும் வாய்க்காலிலும் அது இருக்கக் கூடாதுதான். ஆனால் பல வீட்டில் அடுப்பெரிவதும், கரிமூட்டத்தில் கூலி கிடைப்பதும் அதனால்தான். ஒரே நாளில் மொட்டை அடித்தால் அந்தச் சகோதரி என்ன செய்வாள்? முதலில் நீர்வழியில் உள்ளதை வேரோடு எடுத்து, அந்த இடத்தைச் சுத்தமாக வைத்து, தரிசில் வேறு விறகு மரம் வளர்த்து, பிறகு மீதியை எடுக்கலாம். வெட்டுகிற ஏலத் தொகை ஊராட்சிக் கணக்கில் வந்ததா என்றும் கேளுங்கள்.

மனை வாங்குகிற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. மறு ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன. நகையை அடகு வைத்து மனை வாங்குவதற்கு முன்னால் அங்கீகார எண் இருக்கிறதா, அந்த இடத்தில் ஓடை, வாய்க்கால் ஓடியதா என்று பதிவேட்டில் பாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வீட்டுக்குள் வரும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் மாட்டுக்கடன், ஆட்டுக்கடன் வாங்கியவர்கள் ஒரு மாதத்துக்குத் தீவனத்துக்கு எவ்வளவு செலவு செய்கிறோம்? மொத்தம் எவ்வளவு?
2. நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு எத்தனை ஏக்கர்? இப்போது அதில் என்ன இருக்கிறது?
3. நம் கண்மாய்க்குத் தண்ணீர் எந்த ஊர் வழியாக வருகிறது? அந்த ஊரில் நம் கூட்டமைப்பின் குழு எது? யார் போய்ப் பேசுவது?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் குழு எடுத்த முடிவைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எழுதிக் கொண்டு வாருங்கள். ஒரே கண்மாய்ச் சங்கிலியில் உள்ள ஊர்களைச் சேர்த்து உட்கார வைக்கும் வேலையை அங்கிருந்தே தொடங்குவோம்.